டோனும் சத்தமும்: பறைக்குப் பக்கத்தில் நின்று மின்கிட்டார் பற்றி

"எலக்ட்ரிக் கிட்டார்ல இனிமே புதுசா ஒரு டோன் வராது சித்தப்பா. வர வேண்டியதெல்லாம் வந்தாச்சு" என்றான் அண்ணன் மகன். கல்லூரியில் படிக்கிறவன். யாரோ விற்ற பழைய கிட்டார் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி, இரண்டு வருசமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன். அவன் இதைச் சொன்னது புதுச்சேரி கடற்கரைச் சாலையில், ஜூன் 21 இசைநாள் கொண்டாட்டம் முடிந்து சனம் கலைந்துபோன ராத்திரியில். பிரான்சில் 1982இல் தொடங்கிய அந்தத் தெருவிசை நாள் இங்கேயும் நடக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கிட்டாரும் டிரம்சும் முழங்கும். மேற்கே இருந்து நாம் போய்க் கேட்டுவிட்டு வருவோம்.

அவன் சொன்னதை நான் வேறொரு இடத்தில் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். தலித் இலக்கியம் என்ற பேச்சு 1990களில் எழுந்தபோது, இலக்கியத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று, இவர்கள் போடுவது வெறும் கூச்சல் என்றவர்கள் உண்டு. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதிய காலம் அது. 'எல்லாம் முடிந்துவிட்டது' என்ற அறிவிப்பை எப்போதும் கிடங்குச் சாவியைக் கையில் வைத்திருப்பவன்தான் விடுக்கிறான். அதனால்தான் பையனிடம், "யார்றா உனக்குச் சொன்னது?" என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க. எல்லா டோனும் பெட்டிக்குள்ள இருக்கு" என்றான்.

பெட்டி என்று அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. மின்கிட்டாரில் கம்பி அதிர்கிறது. கம்பிக்குக் கீழே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் அதைத் திரும்ப ஒலியாக்குகின்றன. இந்த வழியில் எங்கெங்கே என்னென்ன கெடுகிறதோ, கூடுகிறதோ, அதன் மொத்தக் கணக்குத்தான் டோன் எனப்படும் ஒலிநிறம். ஒரே சுரத்தை நாயனமும் புல்லாங்குழலும் வாசித்தால் வேறுவேறாகக் கேட்கிறதே, அந்த வேறுபாடு. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் கம்பெனி 'வாணலி' என்று பட்டப்பெயர் வாங்கிய மின்கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1954க்குள் டெலிகாஸ்டர், லெஸ் பால், ஸ்ட்ராட்டோகாஸ்டர் மூன்றும் வந்துவிட்டன. இன்றைக்கும் உலகம் அந்த மூன்றின் நகல்களைத்தான் வாசிக்கிறது. 1998இல் லைன் 6 கம்பெனி பழைய ஆம்புகளைப் போலவே ஒலிக்கும் 'பாட்' என்ற சின்னப் பெட்டியை விற்றது. 2011இல் வந்த கெம்பர் என்ற கருவி, எந்த ஆம்பையும் கேட்டுப் 'படம்' எடுத்து வைத்துக்கொள்கிறது. எழுபது வருசத்து டோன்களும் இன்று கோப்புகள். பையனின் போனிலேயே பாதி இருக்கிறது.

ஆனால் அந்தக் கோப்புகளில் இருப்பவை முதன்முதலில் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் கதை வேறு. 1951இல் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து ஐக் டர்னரின் கறுப்பினக் குழு 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவுசெய்யக் கிளம்பியது. வழியில் கிட்டார்க்காரர் வில்லி கைசார்ட்டின் ஆம்ப் அடிபட்டது. மாற்றுவதற்கு வேறு ஆம்ப் இல்லை. கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள் என்கிறது அந்தப் பதிவைப் பற்றிய வழக்கமான வரலாறு. கரகரத்துப்போன அந்த ஒலியைத்தான் பிறகு உலகம் டிஸ்டார்ஷன் என்று பெயர் வைத்துக் கொண்டாடியது. ஷானி பூர்வகுடி வழியில் வந்த லிங்க் ரே, 1958இல் 'ரம்பிள்' இசைக்காக ஸ்பீக்கர் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டார். ஒரு சொல்கூட இல்லாத அந்த வாத்திய இசையைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. சொல்லே இல்லாமல் ஒரு சத்தத்துக்குத் தடை! நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 1964இல் லண்டன் பையன் டேவ் டேவிஸ் சவர பிளேடால் கூம்பைக் கீறினார். அதற்கு முன்பே நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பழுதான ஒரு மின்சுற்று 1961இல் ஒரு பாட்டைக் கெடுத்தது; கெட்ட அந்த ஒலி பிடித்துப்போய், 1962இல் அதையே பெட்டியில் அடைத்து 'ஃபஸ்' என்று விற்றார்கள். உலகத்தின் முதல் ஃபஸ் பெடல் ஒரு ரிப்பேரின் நகல்.

டோனி அயோமியின் கதையைப் பையனுக்கு நான்தான் சொன்னேன். பர்மிங்காம் தகரத் தொழிற்சாலைத் தொழிலாளி. பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்க இருந்த கடைசி நாளில், இயந்திரம் அவருடைய வலது கை விரல் இரண்டின் நுனியைத் தின்றுவிட்டது. இடது கைக்காரரான அவருக்கு கம்பியை அழுத்துகிற கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, அதன்மேல் தன் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய தோலை ஒட்டிக்கொண்டு வாசித்தார். வலி குறையக் கம்பிகளைத் தளர்த்தினார். தளர்ந்த கம்பியிலிருந்து வந்த கனத்த, இருண்ட ஒலிதான் 1970க்குப் பிறகு ஹெவி மெட்டல் ஆனது. புது டோன் கடையிலிருந்து வரவில்லை; தொழிலாளியின் அறுந்த விரலிலிருந்தும் ஒரு துண்டுத் தோலிலிருந்தும் வந்தது. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசியகீதத்தை வாசித்தபோது, ஃபீட்பேக்கின் ஊளையும் குண்டு விழும் ஓசையும் கீதத்துக்குள் புகுந்துகொண்டன. வியட்நாமில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்துவிட்டு வந்த கறுப்பர் அவர். கருவி பழையது, பாட்டு அதைவிடப் பழையது. புதிதாக இருந்தது, யார் எதை எங்கே கெடுக்கத் துணிந்தார் என்பது.

ஆக, புது டோன் சாத்தியமா என்ற கேள்வியை முதலில் திருப்பிப் போட வேண்டும். எந்தச் சத்தத்தை டோன் என்று ஏற்கிறார்கள், எதைச் சத்தம் என்றே விட்டுவிடுகிறார்கள்? இங்கே வந்ததும் விசயம் பறைக்கு வந்துவிடுகிறது.

இதில் இயற்பியலும் உண்டு. இழுத்துக் கட்டிய கம்பி அதிரும்போது அடிப்படை ஒலியோடு அதன் 2, 3, 4 மடங்கு ஒலிகளும் சேர்ந்து எழும். முழு எண்கள், கணக்கு சுத்தமாக இருக்கும். அதைத்தான் காது 'சுரம்' என்று பிடித்துக்கொள்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோல் அப்படி அதிராது. அதன் ஒலிகள் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒட்டாமல் சிதறும். சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழிலும் 1935இல் விரிவாகவும் காட்டியது இதுதான்: மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவே கரணை போட்டுத் தோலைக் கனமாக்குவதால் தோல் கம்பியைப் போல நடந்துகொள்கிறது, முதல் ஐந்து ஒலிகளும் முழு எண்ணுக்கு வந்துவிடுகின்றன. பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அந்தக் கரணையை வைத்தவர் யார் என்ற கேள்வி அந்த ஆராய்ச்சிக்குள் இல்லை. மாட்டுத்தோலைச் சீவி, எருமைத்தோலை வாராக்கி, கரணையை அடுக்கடுக்காகத் தேய்த்துச் சுருதி வரவழைத்தவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் கைவினைஞர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதம் என்று உலகம் புகழ்வதற்குள் தஞ்சாவூர் பர்லாந்தின் கைவேலையும் இருந்தது. டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று இதைப் புத்தகமாக எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குத் தந்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. டோன் வாசித்தவர் பெயரிலும், தோல் செய்தவர் பெயரிலும் தனித்தனியாகப் பதிவாகி இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் பிரச்சினை.

பறையில் கரணை கிடையாது. தோலை நெருப்பில் காட்டித்தான் சுருதி ஏற்ற வேண்டும், ஆறினால் இறங்கிவிடும். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமான, மெல்லிய சிண்டுக்குச்சி. இரண்டும் வேறுவேறு ஒலிகளை எழுப்பும். முழு எண்ணுக்கு அடங்காத அந்தச் சிதறலைத்தான் 'வெறும் சத்தம்' என்று ஒதுக்கினார்கள். கச்சேரி மேடை மின்சாரத்துக்கு எதிரி இல்லை. 1980களின் தொடக்கத்தில் சிறுவன் யு. ஸ்ரீனிவாஸ் மின்மாண்டலினைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முதலில் முகம் சுளித்தவர்களும் பிறகு தலையாட்டினார்கள். அபாரமான கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. கமகம் வந்ததும் ஐரோப்பியக் கருவியும் அதன் மின்சார ஒயரும் உள்ளே போய்விட்டன. பக்கத்துத் தெருப் பறை மட்டும் வெளியே நின்றது.

இதே ஊரில் சம்பா கோவிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்ததும், 1745இல் அவர்கள் போய் நியாயம் கேட்டு அது இடிக்கப்பட்டதும், மற்ற சாதிக் கிறித்தவர்கள் அதற்காகக் கொதித்ததும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. ஒரே தேவனுக்குப் பாடிய ஒரே பாட்டு, சுவருக்கு இரண்டு பக்கமும். அந்தச் சுவருக்கு அப்பால் இருந்து பாட்டு எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சரி, நம் பக்கம் என்ன நடந்திருக்கிறது? கே.ஏ. குணசேகரன் புதுவைப் பல்கலைக்கழக நாடகத்துறையில் ஆசிரியராக இருந்தவர். 2016இல் மறைந்தார். இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டை அவர் குரலில் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையைக் கொண்டே விடுதலை இறையியல் பேசினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். பறையை அடிப்பதா, எரிப்பதா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதே பறை தெருவை விட்டு மேடைக்கு வந்துவிட்டது. ஆனால் இவையெல்லாம் கிட்டாருக்கு வெளியே நடந்தவை.

கிட்டாரும் பறையும் தலித் அரசியலோடு ஒரே மேடையில் பெரிதாகச் சந்தித்தது 2018 ஜனவரியில், சென்னை கீழ்ப்பாக்கத்தில். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும் ராக் வாத்தியக்காரர்களும், சட்டியும் பறையும் அடிக்கிறவர்களும் ஒன்றாக நின்றார்கள். இசைவாணியின் குரல் கானாவின் ஆண் கோட்டையை உடைத்தது. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாட்டாக்கி ஆயிரக்கணக்கானவர்களை ஆட வைத்தார்கள். தமிழ் இசை வரலாற்றில் அது ஒரு வெட்டு. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனாலும் விமர்சனம் என்று வந்தால் நம்மவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அந்தப் பாட்டுகளில் கிட்டாரை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். சொல் புதிது, குரல் புதிது, தாளம் நம்முடையது. கிட்டார் மட்டும் ராக்கும் ரெகேயும் கற்றுக்கொடுத்த பழைய பாடத்தையே ஒப்பிக்கிறது. என் காதுக்கு அப்படித்தான் படுகிறது. சட்டி பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருந்தும் கிட்டார் அதைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரே மேடையில் நின்றாலும் இருவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற உறவுக்கு இன்னும் வரவில்லை. 'ஃப்யூஷன்' என்று இன்று விற்கப்படும் பலவற்றில் நிலைமை இதைவிட மோசம். அங்கே பறை வெறும் அலங்காரம், முன்னுரைக்கு நாலு அடி. இவர்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்கவே முடியாது. அதனாலேயே இவர்களிடம் கூடுதலாக எதிர்பார்க்கிறேன்.

எங்கள் மேடைகளிலும் இதுதான். போன வருசம் ஒரு நிகழ்ச்சியில் பையனின் குழுவும் எங்கள் தெருப் பறைக்குழுவும் சேர்ந்து வாசித்தார்கள். மைக்செட்காரர் கிட்டாருக்கு ஒரு மைக், பாட்டுக்கு இரண்டு, டிரம்சுக்கு நாலு வைத்தார். பறைக்கு? "அதுக்கெதுக்கு மைக்? அதுக்கே சத்தம் போதுமே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. அவரும் நம்ம ஆள்தான். பறை பின்வரிசைக்குப் போனது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டபோது பறை எங்கோ தூரத்துச் சாவில் அடிப்பது மாதிரி இருந்தது. மைக் இல்லாத கருவிக்குச் சத்தம் இருக்கலாம், டோன் இருக்காது. ஒலிநிறத்தின் நுணுக்கம் எல்லாம் மைக் வைக்கிற இடத்தில்தான் தீர்மானமாகிறது. குச்சி தோலில் படும் கணம், விளிம்பின் கட்டை ஒலி, சிண்டின் சுள்ளென்ற கீறல், எதுவும் அந்தப் பதிவில் இல்லை.

இந்த வருசம் ஏப்ரல் 14க்காக ஒத்திகை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஆம்ப். அதில் ஒயர் செருக இரண்டு ஓட்டை. பறையின் வளையத்தில் ஒட்டுகிற சின்னப் பீசோ தகடு ஒன்றைப் பையன் வாங்கி வந்திருந்தான். அதிர்வைத் தொட்டே பிடிக்கிற வகை, விலையும் கொஞ்சம்தான். வேறு வழி இல்லாமல் கிட்டாரையும் பறையையும் அந்த ஒரே ஆம்பில் செருகி டிஸ்டார்ஷனை ஏற்றினான். நடந்ததை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். கிட்டாரில் ஒரு நீண்ட சுரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியப்பா அடிக்குச்சியால் ஓங்கி ஒன்று போட்டார். அடி விழுந்த கணத்தில் கிட்டார் அமுங்கிக் காணாமல் போய், பிறகு தோலின் கரகரப்பைப் பூசிக்கொண்டு திரும்பி வந்தது. சிண்டுக்குச்சி உருட்ட உருட்டச் சுரம் துண்டு துண்டாக நறுங்கியது. இரண்டு ஒலிகளை ஒரே டிஸ்டார்ஷனுக்குள் விட்டால் அவற்றின் கூட்டல் ஒலியும் கழித்தல் ஒலியும் புதிதாகப் பிறக்கும். இது தெரிந்த கணக்குத்தான். ஆனால் பெட்டி விற்கிறவர்கள் சுத்தமான சுரத்தைச் சுத்தமான சுரத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இங்கே முழு எண்ணும் முழு எண்ணுக்கு அடங்காததும் ஒரே வாயிலிருந்து வந்தன. எது கிட்டார், எது பறை என்று பிரிக்க முடியவில்லை. "பெட்டியில இருக்காடா இது?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, வாசித்துக்கொண்டிருந்தான்.

அடுத்து நடந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பெரியப்பா டீ குடிக்க எழுந்தார். பறையை ஸ்பீக்கருக்கு எதிரே சாய்த்துவிட்டுப் போனார். ஆம்பை யாரும் அணைக்கவில்லை. ஸ்பீக்கர் தோலை அதிர வைக்க, தோல் தகட்டை அதிர வைக்க, தகடு மறுபடி ஸ்பீக்கரை அதிர வைக்க, பறை தானாக முனக ஆரம்பித்தது. தாழ்ந்த குரலில், விட்டுவிட்டு. அடிக்கிற கையே இல்லை. டீ கிளாசோடு திரும்பி வந்த பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார். "அடிக்காமலே கத்துதேடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பன் கைல ஆணி காய்ச்சிருக்கும். இது தெரிஞ்சிருந்தா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். சிரித்தாரா இல்லையா என்று அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை.

கையைக் கட்டாயப்படுத்தி அடிக்க வைத்த கருவி, கை இல்லாமல் பேசுகிறது. இது விடுதலையா, இல்லை அடிக்கிறவனையே தேவையில்லை என்று அனுப்புவதா? இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது. பறையின் அடிகளைத் தனித்தனியாகப் பதிவுசெய்து, கணினியில் வாசிக்கும் ஒலித் தொகுப்புகளாக விற்பது இன்று சாதாரணம். சினிமா ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஆறு பேரைக் கூப்பிட்டுச் சோறும் கூலியும் கொடுப்பதைவிட அது மலிவு. நாங்கள் கண்டுபிடித்த இந்த முனகலையும் நாளைக்கு ஒருவன் படம் எடுத்து, 'பழங்குடி' என்றோ 'சடங்கு' என்றோ பெயர் போட்டுப் பெட்டியில் அடைத்துவிடுவான். அப்போது அதுவும் டோன் ஆகிவிடும். பெரியப்பா மட்டும் சத்தத்தின் பக்கம் நின்றுகொண்டிருப்பார். அதனால் பதிவு செய்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் சண்டை. செய்யலாம், ஆனால் வாசித்தவர் பெயரும் தோல் கட்டியவர் பெயரும் இல்லாமல் ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது என்று முடிந்தது. பெரியப்பா பெயரைத்தான் முதலில் போட வேண்டும் என்று பையனே சொன்னான். அந்த அளவுக்குப் பரவாயில்லை.

பைபர் பறையிலும் முயன்று பார்த்தோம். நெருப்பும் வேண்டாம், மழைக்கும் பயம் இல்லை, தோல் என்ற பேச்சே கிடையாது என்று இன்றைக்குப் பல குழுக்கள் பைபருக்கு மாறிவிட்டன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தோல் நாற்றம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவனுக்குத் தெரியும் அது என்ன விசயம் என்று. ஆனால் பைபரிலிருந்து வந்தது ஒரே சீரான விசில். முனகல் வரவில்லை. தோலில் மட்டும், அதுவும் பாதி சூடு ஆறும்போது, கீழே இறங்கி இறங்கி வருகிறது. பெரியப்பா இப்போது ஒத்திகைக்கு வரும்போதே வைக்கோல் கட்டு கொண்டுவருகிறார்.

14ஆம் தேதி மேடையில் பறையை முன்வரிசையில், ஆம்புக்கு எதிரில் வைத்தோம். மைக்செட் அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டையும் ஒண்ணுல சொருவுனா ஸ்பீக்கர் கிழிஞ்சிரும். அப்புறம் யார் காசு குடுக்கிறது?" என்றார். கடைசிப் பாட்டில் அவர் சொன்ன மாதிரியே ஆனது. கூம்பில் விரல் நீளத்துக்குக் கிழிசல். அந்தக் கிழிசலோடு பெரியப்பாவின் அடி இன்னும் அகலமாகக் கேட்கிறது, மாற்றவே வேண்டாம் என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அண்ணன் ஸ்பீக்கர் காசு கேட்டு நேற்றும் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார்.